பெயரை மட்டும் மறைத்தேன்

"கதையில நியாயத்தத் தேட வுட்டீங்கன்னா, பசங்க மார்க்க எங்கம்மா போயித் தேடுவாங்க?"

என் நேர்காணல் அன்று எங்கள் துறைத்தலைவர் கேட்டது இது. கேலியாகக் கேட்கவில்லை. பல வருடங்களாக விடைத்தாள் திருத்தியவர். பதில் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அதற்கு முன்பு நான் பெரிதாக ஒன்று சொல்லியிருந்தேன். இலக்கியத்தைச் சமூக நீதியோடு சேர்த்துத்தான் நடத்துவேன், கோட்பாடுகளைப் பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி வகுப்புக்குள் கொண்டுவருவேன் என்று. புதுப் புடவை மடிப்புக் கலையாமல் விறைத்துக்கொண்டு நின்றது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"ரெண்டும் ஒரே எடத்துலதான் சார் கெடைக்கும்" என்றேன்.

எதிரில் இருந்த மூவரும் சிரித்துவிட்டார்கள். வேலை கிடைத்தது. அந்தக் கேள்வி மட்டும் என்னை விடவில்லை.

போன வாரம் என் முதல் நாள் வகுப்பைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த தோழி ஒருத்தி, "நல்லாத்தானடி போயிருக்கு, அப்பறம் ஏன் பயந்து பயந்து எழுதுற?" என்று கேட்டாள். அந்தப் பயத்தின் கதைதான் இந்த வாரம்.

வாசலில் ஒரு பலகை

இந்தத் தொடரை நடுவிலிருந்து படிப்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன். ஒப்பந்த விரிவுரையாளர். கல்வியாண்டு முடியும்போது நீட்டிப்புக் கடிதம் வந்தால் வேலை உண்டு. வராவிட்டால் இல்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மூலக்குளத்தில் எங்கள் வீட்டு வாசலில் என் பெயரையும் பட்டங்களையும் பலகையில் எழுதி மாட்டியிருக்கிறேன். தெருவில் சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அப்பாவுக்கு அதில் ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாது. தினமும் காலையில் ஈரத்துணியால் துடைக்கிறார்.

முதுகலை படிக்கும்போதுதான் கோட்பாடு என்ற ஒன்று இருப்பதே எனக்குத் தெரிந்தது. நகலெடுத்துத் தந்த தாள்கள். ஒரு பக்கம் படிக்க ஒரு மாலை ஆகும். அதில் ஓர் இடத்தில், ஒரு கதையில் யார் பேசுகிறார் என்று பார்ப்பதைப் போலவே யார் பேசாமல் விடப்பட்டிருக்கிறார் என்றும் பார்க்க வேண்டும் என்று இருந்தது. பேனாவால் இரண்டு கோடு போட்டேன். படித்ததும் எனக்கு எந்தக் கதையும் நினைவுக்கு வரவில்லை. ஒரு கல்யாண மண்டபம்தான் வந்தது. அதை அப்புறம் சொல்கிறேன்.

மூன்று முறை காபி

வணிகவியல் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பகுதி ஒன்று தமிழ். எங்கள் ஊரில் தமிழுக்குப் பதிலாகப் பிரெஞ்சும் எடுக்கலாம். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள வீட்டுப் பிள்ளைகள் பெரும்பாலும் அதைத்தான் எடுப்பார்கள். நத்தாலி அப்படிப்பட்ட வீட்டுப் பெண். இருந்தும் தமிழ் எடுத்திருந்தாள். முதல் பெஞ்சில் உட்காருவாள். அவளுக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில் பவித்ரா. வில்லியனூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள்.

பாடத்தில் ஒரு சிறுகதை. ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் நண்பரோடு உட்கார்ந்து மனித உரிமையைப் பற்றி நான்கு பக்கம் பேசுகிறார். அந்த நான்கு பக்கத்தில் மூன்று முறை ஒரே வரி வருகிறது: வேலைக்காரி காபி கொண்டுவந்து வைத்தாள். அவளுக்குப் பெயர் இல்லை. வருகிறாள், வைக்கிறாள், போகிறாள்.

"மூணாவது தடவ காபி வெக்கும்போது அவ மனசுல என்ன ஓடுச்சு? ஒரு பக்கம் எழுதிட்டு வாங்க" என்றேன். பெயர் எழுத வேண்டாம். தேர்வுத்தாளில் செய்வதுபோல மூலையில் பதிவெண்ணை எழுதி, மடித்து, ஸ்டேப்ளர் அடித்துத் தர வேண்டும். மதிப்பெண் போட்ட பிறகுதான் நான் மூலையைப் பிரிப்பேன். என் வகுப்பில் இது வழக்கம். பெயர் இல்லையென்றால் பிள்ளைகள் பயமில்லாமல் எழுதுவார்கள். இந்த ஏற்பாட்டை நினைத்து எனக்கு ரொம்பப் பெருமை.

பெரும்பாலான தாள்களில் வேலைக்காரி கொதித்தெழுந்தாள். தட்டைத் தூக்கி எறிந்தாள். ஒன்றில் கவிதைகூடச் சொன்னாள். ஒரே ஒரு தாள் மட்டும் வேறு மாதிரி இருந்தது. அதற்குப் பத்துக்கு ஒன்பது போட்டேன். பிரித்துப் பார்த்தால் பவித்ரா.

மறுநாள் அதை வகுப்பில் வாசித்தேன். "யாருதுன்னு சொல்ல மாட்டேன், கேக்கக் கூடாது" என்று சிரித்துக்கொண்டே ஆரம்பித்தேன்.

"மூணாவது தடவ வெக்கும்போது அம்மா மனசுல நாலே கால் பஸ்ஸுதான் இருக்கும். அவங்க பேசறது அம்மாவுக்குப் புரியாது. பிரெஞ்சுல பேசுவாங்க. நடுவுல அம்மா பேரு வந்தா மட்டும் தெரியும். என்னா சொன்னாங்கன்னு தெரியாது. அந்த வீட்ல எல்லாரும் பிரெஞ்சுக்காரங்களாட்டம் கிண்ணத்துல காபி குடிப்பாங்க. அம்மாவுக்கு டம்ளர். டம்ளர் பின்பக்க ஜன்னல்ல இருக்கும்."

வகுப்பு அமைதியாகிவிட்டது. இந்த அமைதிக்காகத்தானே ஆசிரியர் வேலைக்கு வந்தோம் என்று நினைத்தேன். மூன்றாவது வரிசையில் பவித்ரா என்னைப் பார்த்தாள். தலையை மிக லேசாக இரண்டு பக்கமும் ஆட்டினாள். கூச்சப்படுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். நிறுத்தவில்லை.

"வருஷத்துல ஒருநாள் பெரியவரு பதக்கமெல்லாம் சட்டையில குத்திக்கினு போவாரு. மொத நாளு அதுங்கள பல்பொடி போட்டுத் தேச்சி வெக்கிறது எங்கம்மா."

அந்த வரியில்தான் நாற்பது தலையும் ஒரே பக்கம் திரும்பியது. பவித்ராவின் பக்கம் இல்லை. முதல் பெஞ்சுக்கு.

நத்தாலியின் தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர் என்பது எனக்குத் தெரியாது. அவர் பதக்கங்களோடு நிற்கிற படத்தை அவள் வாட்ஸ்அப்பில் போட்டிருந்ததும் தெரியாது. வகுப்புக்கே தெரிந்திருந்தது.

பின்வரிசையில் யாரோ மெதுவாக, "டம்ளரு" என்றார்கள். இரண்டு பேர் சிரித்தார்கள். நத்தாலி எழுந்து நின்றாள்.

"மிஸ், நான் வெளிய போலாமா?"

போய்விட்டாள். மடித்து ஸ்டேப்ளர் அடித்த அந்த மூலை என் கட்டைவிரலுக்கு அடியில் இருந்தது. ஆளையே மறைத்துவிட்டதாக நினைத்திருந்தேன். மறைத்தது ஓர் எண்ணை மட்டும்.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். பவித்ரா, நத்தாலி இரண்டும் நான் வைத்த பெயர்கள். பதக்கமும் பதக்கம் இல்லை, பவித்ரா எழுதியது வேறொன்று. எங்கள் ஊரில் சொன்னதும் வீடு தெரிந்துவிடும் வேறு ஒரு பொருள். இந்த முறை பெயரோடு நிறுத்திக்கொள்ளவில்லை.

இரண்டே வரி

அடுத்த நாள் நத்தாலியின் அம்மா கல்லூரிக்கு வந்து முதல்வரைப் பார்த்தார். அதற்கு முன்பே, அவர்கள் வீட்டில் வேலை செய்துவந்த பவித்ராவின் அம்மாவிடம், "ரெண்டு வாரம் வர வேணாம், சொல்லி அனுப்பறோம்" என்று சொல்லியிருந்தார்கள். மதியத்துக்குள் எனக்கு ஒரு குறிப்பாணை. வெள்ளிக்கிழமைக்குள் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும்.

அதிலிருந்து தோசை இறங்கவில்லை. செல்போன் அதிர்ந்தால் திரையைப் பார்க்காமல் கவிழ்த்து வைத்தேன். ஆசிரியர் அறைக்குள் நான் நுழைந்ததும் பேச்சு நிற்கிற மாதிரி இருந்தது. உண்மையிலேயே நின்றதா, எனக்குத்தான் அப்படித் தோன்றியதா, தெரியவில்லை.

நத்தாலியை மாடிப்படியில் பார்த்தேன். நானாகப் பேசத் தொடங்கும் முன்பே அவள் பேசினாள்.

"மமான் இங்க வந்தது எனக்குத் தெரியாது மிஸ்." அம்மாவை அவள் அப்படித்தான் சொல்வாள்.

"உன் மேல கோவமில்ல நத்தாலி. தப்பு என்னுது."

"டம்ளர் விஷயம் எனக்குத் தெரியும். தெனம் பாக்கறதுதான?" படியின் கைப்பிடியை நகத்தால் சுரண்டினாள். "மெடலத்தான்... தாத்தாவே தேய்க்கறாருன்னு நெனச்சினு இருந்தேன். ஆனா மிஸ், நாப்பது பேரு என்னையே பாத்தாங்க. எங்க வீட்டப் பத்தின்னா என்னையும் ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

உன் வீடு என்று எனக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வரை வந்தது. தெரியாதது எப்படிச் சமாதானமாகும்? அவள் இறங்கிப் போனாள்.

துறைத்தலைவர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். மின்விசிறியை ஒரு புள்ளி கூட்டினார்.

"நேர்காணல்ல நான் கேட்டது ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார்."

"குத்திக் காட்டல. பசங்க உன் வகுப்புக்கு ஓடி வருதுங்க, நான் பாக்கறேன். ஆனா நீட்டிப்புக் கோப்பு இப்பதான் மேல போவுது. இந்த நேரத்துல இது தேவயா?" ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார். "ரெண்டே வரி எழுது. கேட்ட கேள்வி கதையப் பத்தி மட்டுந்தான், மாணவி தன் இஷ்டத்துக்குச் சொந்த விஷயத்த எழுதிட்டா, கவனிக்காம வாசிச்சிட்டேன். முடிஞ்சிபோச்சி."

"பவித்ராவுக்கு?"

"அதுக்கு என்னா ஆவப் போவுது? கூப்ட்டு ஒரு எச்சரிக்க. சின்னப் பொண்ணு, மறந்துடும். உனக்கு வேல நிக்கும்மா."

அவர் கெட்டவர் இல்லை. என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தார். அதனால்தான் பயமாக இருந்தது. அந்த இரண்டு வரியில் ஒரு சொல்கூட அப்பட்டமான பொய் என்று சொல்ல முடியாது. நான் கேட்டது கதையைப் பற்றித்தான். அவள் எழுதியது அவள் வீட்டைப் பற்றித்தான்.

தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தேன். மூலக்குளம் வரும்வரை அந்த இரண்டு வரியை மனசுக்குள் எழுதிப் பார்த்துக்கொண்டே வந்தேன். நன்றாகத்தான் வந்தது. வாசலில் பலகை பளபளவென்று இருந்தது.

விபூதி

மறுநாள் பவித்ரா குடிநீர்க் குழாயடியில் பாட்டில் பிடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன்.

"அம்மா எப்படி இருக்காங்க?"

"வீட்லதான் இருக்காங்க மிஸ். என்னாடி எழுதித் தொலச்சேன்னு கேட்டாங்க. படிச்சிக் காட்டுனேன்."

"திட்டுனாங்களா?"

"செமயா." பாட்டில் நிறைந்து வழிந்தது. குழாயை மூடினாள். "அப்பறம், அது பல்பொடி இல்லடி, விபூதி, எழுதறதுன்னா சரியா எழுதுன்னாங்க."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவளுடையது சீக்கிரம் நின்றுபோனது.

"மிஸ், நான் தலையாட்டுனேன். நீங்க பாத்தீங்க."

"பாத்தேன்."

"அப்பறம் ஏன் மிஸ் படிச்சீங்க?"

நல்ல எழுத்து, எல்லோரும் கேட்க வேண்டும் என்று நினைத்தேன் என்றேன். எனக்கே அது ஒட்டவில்லை.

"எல்லாத்தையும் எங்கள எழுதச் சொல்றீங்க. நீங்க உங்க வீட்டப் பத்தி எழுதியிருக்கீங்களா மிஸ்?"

மரியாதைக் குறைவாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள், துறைத்தலைவர் அன்றைக்குக் கேட்டதுபோல. ஒடுக்குமுறை, விளிம்புநிலை, அதிகாரம் என்று கரும்பலகை நிறைய எழுதியிருக்கிறேன். எல்லாமே வேறு யாரோ ஒருவரைப் பற்றி. மணி அடித்தது. அவள் போய்விட்டாள்.

என் இலை

அந்தக் கல்யாண மண்டபத்தைச் சொல்கிறேன் என்றேன் அல்லவா.

அம்மா முதலியார்பேட்டைப் பக்கம் மண்டபங்களில் இலை எடுக்கும் வேலைக்குப் போவாள். பந்தி எழுந்ததும் எச்சில் இலைகளை வாரிக் கூடையில் போட்டு, மேசைத் தாளைச் சுருட்டி எடுக்கிற வேலை. நான் ஏழாவதோ எட்டாவதோ படிக்கும்போது, என் வகுப்புப் பெண்ணின் அக்கா கல்யாணத்துக்கு எங்கள் எல்லோரையும் அழைத்திருந்தாள். அம்மா அன்றைக்கு வேலைக்குப் போன மண்டபமும் அதுதான் என்று போன பிறகுதான் பார்த்தேன்.

சமையல்கட்டு வாசலில் பச்சைச் சேலையில் நின்றிருந்தாள். இடுப்பில் கூடை. நான் சட்டென்று தோழிகளுக்கு நடுவில் புகுந்து உட்கார்ந்துகொண்டேன். குனிந்தபடியே சாப்பிட்டேன். தோழிகள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு எந்தப் பேச்சும் காதில் ஏறவில்லை. அந்தக் கூடை எந்த வரிசையில் வருகிறது என்பதிலேயே கவனம் இருந்தது.

கை கழுவ எழுவதற்குள் வந்துவிட்டாள். என் பக்கத்து இலையை எடுத்தாள். என் இலையை எடுத்தாள். அவள் முழங்கை என் தோளில் உரசியது. நான் நிமிரவில்லை. அவளும் ஒன்றும் சொல்லவில்லை. கூட்டத்தில் என்னைக் கவனிக்கவில்லை என்று நம்பினேன். இத்தனை வருடமும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

கல்லூரி விண்ணப்பத்தில் அம்மாவின் தொழில் என்ற இடத்தில் இல்லத்தரசி என்று எழுதினேன். நேர்காணலில் சமூக நீதி என்று முழங்கிய நாளிலும் அந்த விண்ணப்பத்தின் நகல் என் சான்றிதழ்க் கோப்பில் இருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் அதை ஒரு பக்கம் எழுதினேன். எழுதி முடித்ததும் சமையலறைக்குப் போய், "அம்மா, ஒண்ணு எழுதியிருக்கேன், படிக்கட்டா?" என்று கேட்டேன். முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"படி."

படித்தேன். கீரைக் காம்பு உடைகிற சத்தம் நடுவில் நின்றது. பிறகு மறுபடி கேட்டது.

"நான் பாக்கலன்னா நெனச்ச?" என்றாள். "பாயசத்த அப்டியே வெச்சிட்டு இருந்த. கொழந்த சரியா சாப்டலியேன்னு அன்னிக்குப் பூரா எனக்கு அதான்."

"ஏம்மா கூப்டல?"

"நீ குனிஞ்சினு இருந்தியே."

அவள் கீரையைச் சட்டியில் போட்டாள். "இத பேப்பர்ல போடப் போறியா?"

"வேணான்னா போடல."

"போடு. ஆனா சேல பச்ச இல்ல, நீலம்."

நான் பச்சை என்றே விட்டுவைத்திருக்கிறேன். எனக்குத் தெரிந்தது அதுதான். அம்மாவுக்குச் சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை

விளக்கக் கடிதத்தை எழுதி எடுத்துக்கொண்டு முதலில் அலுவலகத்துக்குப் போகவில்லை. பவித்ராவைத் தேடிப் போனேன். மண்டபத்தைப் பற்றி எழுதிய பக்கத்தையும் அவள் கையில் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். படித்து முடித்து நன்றாக மடித்துத் தன் நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

"இது கடிதம். உன்னப் பத்தி இருக்கு. நீ சரின்னாதான் குடுப்பேன்."

கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான். மாணவி கேட்ட கேள்விக்குச் சரியான விடையையே எழுதினார். மதிப்பெண் ஒன்பது அப்படியே நிற்கும். அனுமதி கேட்காமல் வாசித்தது என் தவறு. அதற்காக இரு மாணவிகளிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். அந்தத் தவறுக்காக ஒரு தாய் வேலையை இழக்கக் கூடாது என்று அந்த வீட்டாரிடம் முதல்வர் எடுத்துச் சொல்ல வேண்டுகிறேன். பாடத்தை இனியும் இப்படித்தான் நடத்துவேன். எழுதியவரைக் கேட்காமல் எதையும் வாசிக்க மாட்டேன்.

பவித்ரா ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது. ஏழ்மையான பின்னணியைச் சேர்ந்த இம்மாணவி என்று எழுதியிருந்தேன்.

"எங்கம்மாவ ஏழன்னு எழுதாதீங்க மிஸ். அவங்க வேலைக்குப் போறாங்க."

பேனாவை நீட்டினேன். வாங்கி அந்தச் சொற்களை ஒரே கோடாக அடித்தாள். நத்தாலியின் பெயர் கடிதத்தில் இல்லை. ஆனாலும் அவளிடமும் காட்டினேன். படித்துவிட்டு, "குடுங்க மிஸ்" என்றாள். அவள் வீட்டில் என்ன பேசினாள், பேசினாளா என்பதும் எனக்குத் தெரியாது. இதை எழுதும்வரை பவித்ராவின் அம்மாவுக்கு அந்த வீட்டிலிருந்து ஆள் வரவில்லை. எனக்கும் நீட்டிப்புக் கடிதம் வரவில்லை.

அலுவலகப் பிரிவில் எழுத்தர் கடிதத்தை வாங்கிப் புரட்டினார்.

"மேடம், நடுவுல அடிச்சிருக்கு பாருங்க. முதல்வருக்குப் போறது. அடித்தல் இல்லாம வேற எழுதித் தந்துடுங்களேன்."

"வேணாம் சார். அப்படியே இருக்கட்டும்."

ஒருமுறை என்னைப் பார்த்தார். முத்திரையை மைப்பெட்டியில் அழுத்தி எடுத்துக் கடிதத்தின் தலையில் குத்தினார். என் நகலிலும் ஒன்று வாங்கிக்கொண்டு வகுப்புக்கு நடந்தேன்.